படத்தில் மூன்று முறை மட்டும் வருகிற மகள்

1

புனேயில் தமிழ்ப் படம் ஓடும். ஆனால் அது ஓடுகிற இடத்துக்கு நாமும் ஓட வேண்டும். பெரிய நடிகர் படமென்றால் நகரத்தின் மறுகோடியில் ஏதோ ஒரு மாலில் ஒரே ஒரு காட்சி, அதுவும் இட்லி வேகும் முன்பே கிளம்ப வேண்டிய காலைக் காட்சி. சின்னப் படமென்றால் அதுவும் கிடையாது. ஓடிடியில் வரும்வரை பொறுத்திருந்து வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பார்ப்பது பெரிய காரியமில்லை. பார்த்த பிறகு யாரிடம் பேசுவது?

கோவில்பட்டியில் எனக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மாலைக் காட்சி விட்டதும் எங்கள் தெருப் பெண்கள் கூட்டமாக நடந்து வருவோம். வீடு வந்து சேர்வதற்குள் வில்லனுக்கு வேறு தண்டனை கொடுத்து, கதாநாயகிக்கு வேறு சேலை கட்டி, படத்தையே மாற்றி எடுத்திருப்போம். இதைச் சமீபத்தில் என் தங்கையிடம் போனில் சொல்லி உருகினேன். அவள் இன்னமும் அங்கேதான் இருக்கிறாள்.

"யக்கா, நீ எந்தக் காலத்துல இருக்க? இப்ப ஆளுக்கொரு போனு. அவுகளும் நானும் ஒரே கட்டில்ல ஒக்காந்து வேற வேற படம் பாக்கோம்" என்றாள்.

ஆகவே, ஊரில் இருந்தால் பேச ஆள் கிடைத்திருக்கும் என்று இனிமேல் நான் பெருமூச்சு விட முடியாது. பேசுவதற்கு ஆளை எங்கிருந்தாலும் நாமேதான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்ததுதான் எங்கள் சனிக்கிழமைப் படக்கூட்டம்.

2

கூட்டம் என்றதும் மேடை, மைக் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பெரும்பாலும் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில்தான். ஒவ்வொருவரும் சமீபத்தில் பார்த்த படம், தொடர், சீரியல் எதைப் பற்றியாவது மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். பிறகு டீ, பிறகு சண்டை.

சீரியலைக் கேவலமாக நினைக்கிறவள் இல்லை நான். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு மராத்தி ஒரு சொல்கூடத் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து "பசா, பசா" என்றார். உட்காருங்கள் என்று பொருள். நான் பஸ் வந்துவிட்டதாக்கும் என்று வாசலுக்கு ஓடினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்து வந்து டிவி முன்னால் உட்கார வைத்தார். அன்று முதல் மாலைதோறும் ஒரு மராத்தி சீரியல். அதனால் முதல் ஒரு வருடம் எனக்கு மராத்தியில் அழவும் சாபமிடவும் மட்டுமே வரும். கேஸ் இணைப்பை மாற்றப் போன அலுவலகத்தில் சீரியல் மாமியாரின் மராத்தியில் நான் கோரிக்கை வைத்தபோது, குமாஸ்தா பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். வேலை மட்டும் அன்றைக்கே முடிந்தது.

கூட்டத்தில் நான் ஒருமுறை பேசியது ஒரு கொலை விசாரணைத் தொடரைப் பற்றி. விசாரிக்கிற அதிகாரி ஒரு பெண். நல்ல நடிப்பு, நல்ல மழை, நல்ல இருட்டு. ஆனால் கொலைகாரனை நெருங்கும்போதெல்லாம் அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. ஆண் அதிகாரி வருகிற தொடர்களில் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சலே வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இதைச் சொன்னதும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அன்றைக்கு மிகவும் திருப்தி.

இரண்டு பேரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருவன் பிரசன்னா. சென்னைப் பையன், மென்பொருள் வேலை, வானவடியில் வாடகை வீடு. நாங்கள் கதை சொல்வோம். அவன் 'ரைட்டிங்', 'மேக்கிங்' என்று பிரித்து மேய்வான். அவன் சிரித்தால் கூடவே எல்லோரும் சிரித்துவிடுவோம், அப்படியொரு சிரிப்பு. இன்னொருவர் தனம் அக்கா. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே புனேயிலேயே, கட்கியில். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அக்கா ஒரு நர்சிங் ஹோமில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். அவர் பேசும் ஒரு வாக்கியத்தில் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும்.

என் மகள் நிலா, பன்னிரண்டாம் வகுப்பு, கூட்டத்தின் ஓரத்தில் போனோடு இருப்பாள். தமிழ்ப் படங்களை விடாமல் பார்ப்பாள், ஆங்கில எழுத்து ஓடவிட்டு. நீயும் ஏதாவது பேசேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அடுத்த தடவை என்பாள்.

3

அந்தச் சனிக்கிழமை தனம் அக்கா ஒரு தமிழ் சீரியலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு ஏக்தம் சாதுப்பா. மாமியா சாரா தின் கிட்கிட், கிட்கிட், ஒரே நச்சரிப்பு. ஒரு நாளு இவ பேக் எடுத்துகினு அம்மா வூட்டுக்குப் பூட்டா. புருஷன் பின்னாலயே போயி அவள மனாய்ச்சான்..."

சமாதானப்படுத்துவதற்கு இந்தியில் உள்ள சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டியிருந்தார். கட்கித் தமிழர்கள் நாள்தோறும் பேசுவதுதான். பிரசன்னாவுக்கு அது புதிது.

"மனாய்ச்சானா?" என்று வெடித்துச் சிரித்தான். "அக்கா, இது எந்த டிஸ்ட்ரிக்ட் தமிழ்? உங்கள அப்படியே ஒரு படத்துல காமெடி டிராக்குக்குப் போட்டுடலாம். டயலாக் எழுதவே வேணாம்!"

அறை முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். அதனால் எங்கள் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. "சரிப்பா, அவ்ளோதான் கதை" என்று அவர் டீயை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. ட்யூட்டி என்றார். அதற்கடுத்த மாதமும் ட்யூட்டி.

அந்த இரண்டாவது மாதம் நிலாவும் ஓரத்திலிருந்து எழுந்து தன் அறைக்குள் போய்விட்டாள். அன்று எல்லோரும் போன பிறகு கேட்டேன், ஏன் வெளியே வரவில்லை என்று.

"தனம் ஆண்டி எவ்ளோ நல்லா பேசுவாங்க. அவங்க பேசினதுக்கே சிரிச்சாங்க. நான் பேசினா?" என்றாள்.



4

இதற்கிடையில் எங்கள் வீட்டிலும் ஒரு மாற்றம். என் கணவர் சங்கர் சாகணில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அவர்களுடைய கம்பெனி சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கப்போகிறது. தமிழ் தெரிந்தவர், அனுபவஸ்தர், நீங்களே போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அன்று வீட்டுக்குள் நுழைந்தபோதிருந்த முகத்தை என்றைக்கும் மறக்க மாட்டேன். கல்யாணத்தன்றுகூட அத்தனை வெளிச்சம் இல்லை.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "நிலாவுக்குப் பரீட்சை முடியட்டும். மே மாசம் எல்லாருமா போயிருவோம். காலேஜ் அங்கயே பாத்துக்கிடலாம்."

நிலா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஓகேப்பா" என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று நாங்கள் இருவரும் மகிழ்ந்துபோனோம்.

போகப்போகிறோம் என்றானதும், தனம் அக்காவை இப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கட்கிக்குப் போனேன். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தது தப்புதான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, கல்யாணி," என்றார் அவர். "சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன். வேலூருக்குப் போனா இந்திக்காரின்னுவாங்க, இங்க இருந்தா மதராசின்னுவாங்க. அதெல்லாம் பழகிப்போச்சு. நான் கதைய முடிக்கல பாரு, அதான் எனக்குக் கடுப்பு. அந்தப் பொண்ணு அம்மா வூட்லேர்ந்து திரும்பி வர்றா இல்ல, எதுக்கு வர்றான்னு நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன். பஸ்ல போறப்போ, வர்றப்போ எல்லாம் அதே நெனப்பு. ஒருத்தராவது அப்புறம் இன்னாச்சுன்னு கேட்டீங்களா?"

"இப்பச் சொல்லுங்கக்கா, கேக்கேன்."

"உனக்கு ஒருத்திக்குச் சொல்றதுக்கா அத்தினி யோசிச்சேன்?" அக்கா கையிலிருந்த ஈரத்துணியை உதறினார். "எல்லாரையும் இங்க கூட்டிகினு வா. என் வூட்ல, என் பாஷையில சொல்றேன். நடுவுல எவனாச்சும் சிரிச்சான், டீ கிடையாது."

5

அடுத்த கூட்டத்துக்குச் சங்கரும் நிலாவும் நானும் போனபோது, கட்கி வீட்டில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான் பிரசன்னா. மன்னிப்புக் கேட்பானோ, கேட்டால் அக்கா என்ன சொல்வாரோ என்று எனக்குக் கவலை. அவன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க விட்ட இடத்துலேர்ந்து அந்த சீரியல உக்காந்து பாத்துட்டேன்," என்றான். "அவ வீட்டுக்குத் திரும்பி வர்ற எபிசோட் வரைக்கும். என் பொண்டாட்டி என்னை ஒரு மாதிரி பாக்குறா. இப்பச் சொல்லுங்க, அவ எதுக்கு வர்றா?"

அக்கா அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார்.

"புருஷன் மனாய்ச்சதுக்கு அவ வரல. அம்மா வூட்ல அவ ரூம் தொறக்கறா. உள்ள அரிசி மூட்ட அடுக்கி வெச்சிருக்காங்க. படுக்க எடமில்ல. அதப் பாத்துட்டுத்தான் கிளம்பறா. போக்கிடம் இல்லாம வர்றவளுக்கு ஆரத்தி எடுத்து, ஜெயிச்சுட்டான்னு மியூசிக் போடறான் பாரு, எனக்கு அது பிடிக்கல. பில்குல் பிடிக்கல."

"அரிசி மூட்டைய நானும் பாத்தேன்க்கா. ஆனா மாமியாரும் மாறுறாங்களே, அவளுக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காங்களே. அதை நீங்க கணக்குல எடுக்கலையே?"

"அதுக்குப் பசிக்கல, உக்காந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பு வேறு. அக்கா அதை முன்னின்று நடத்தினார். அரைமணி நேரம் இருவரும் விடாமல் மோதிக்கொண்டார்கள். கடைசியில் மாமியார் விஷயத்தில் அக்கா கொஞ்சம் இறங்கி வந்தார். மியூசிக் விஷயத்தில் பிரசன்னா இறங்கினான்.

அடுத்து நான். அப்போது எல்லோரும் பார்த்திருந்த ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டேன். தென்மாவட்டத்துத் தையல்காரர் ஒருவர், இளவயதில் வடக்கே ஒரு நகரத்துக்குப் போய் அங்கேயே தைத்துத் தைத்து முடி நரைக்கிறார். கடைசியில் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். ரயில் நம் எல்லைக்குள் நுழைகிறது. அவர் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு அழுகிறார். படம் பார்க்கையில் நானும் அழுதேன். பக்கத்தில் சங்கரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிரசன்னாவும் அந்தக் கடைசிக் காட்சியைப் போல இந்த வருடம் எதுவும் இல்லை என்றான்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

நிலா. கையில் போன் இல்லை. எழுந்து நின்றுகொண்டிருந்தாள், வகுப்பில் நிற்பதுபோல.

"அந்தப் படத்துல ஒரு டாட்டர் இருக்கா. மூணு தடவைதான் வரா. ஒண்ணு, சாப்பாடு குடுக்குறா. ஒண்ணு, பேக் பண்றா. அப்புறம் அந்த ட்ரெயின். ட்ரெயின்ல எல்லாரும் இந்த சைடு ஜன்னல்ல பாக்குறாங்க. அவ மட்டும் பின்னாடி பாக்குறா. கேமரா அவ என்ன பாக்குறான்னு காட்டவே இல்ல. அவளோட ஃபிரெண்ட்ஸ் யாரு, ஸ்கூல் எது, எதுவும் தெரியாது. அப்பாவுக்கு அது... திரும்பி வர்றது. ஆனா அவ அங்கதானே பொறந்தா? அவளுக்கு அது திரும்பி வர்றது இல்ல. அவளுக்கு அது..."

சொல் கிடைக்காமல் நின்றாள். கையை முன்னால் தள்ளுவதுபோல ஒரு சைகை செய்தாள். யாரும் சிரிக்கவில்லை. தனம் அக்கா "நிதானமா சொல்லு பேட்டா" என்றார்.

"அதுக்கு என்ன சொல்வாங்க, அப்பா?"

சங்கர் சாதாரணமாகத்தான் எடுத்துக் கொடுத்தார், பாடத்தில் சந்தேகம் கேட்டால் சொல்வதுபோல. "ஊரை விட்டுப் போறது."

"ஆங். அதுதான். அவ ஊரை விட்டுப் போறா. அவளுக்கும் அழுகை வரும்ல? அதைக் காட்டியிருக்கணும்." நிலா உட்கார்ந்தாள். "ஆனா படம் நல்லாருக்கு."

அறையில் முதலில் பிரசன்னாதான் பேசினான். "கரெக்டு. நான் அவள நோட்டீஸே பண்ணல," என்றான். பிறகு எல்லோரும் பேசினார்கள். தான் சொன்ன மூன்று சொற்கள் சங்கருக்கே திரும்பி வந்து சேர்ந்துவிட்டதை அவருடைய முகத்தில் பார்த்தேன். எனக்கும் அதே நேரத்தில்தான் வந்து சேர்ந்தது.

6

மறுநாள் காலை அவல் போஹா கிளறிக்கொண்டிருந்தேன். சங்கர் பேப்பரைப் பிரிக்காமல் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நிலா வந்து எதிரில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"அன்னைக்கு ஒரகடம் போறதுக்கு ஓகேன்னு சொன்னியேம்மா?"

"நீங்க போறோம்னு சொன்னீங்க. நான் ஓகே சொன்னேன். நீங்க கேக்கலையேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குத் தெரு பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். சங்கர் பேப்பரை மேசையில் வைத்தார்.

"சரி. இப்பக் கேக்கேன். உனக்கு எப்படி?"

அவள் உடனே பதில் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்து அடுப்பை அணைத்துவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். அடுத்த ஞாயிறு வந்து சொன்னாள்: பட்டப்படிப்பை இங்கேதான் படிக்க வேண்டும், எந்தக் கல்லூரி என்பதுகூட மனதில் இருக்கிறது. அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் வரத் தயார். "உங்களுக்குப் போகணும்னா போங்கப்பா. அது உங்க ஆசை, எனக்குத் தெரியும். நான் ஹாஸ்டல்ல இருந்துக்குறேன்."

மகள் ஒரு நாள் எங்களை விட்டுப் போவாள் என்று நினைத்திருக்கிறோம். எங்களைப் போகச் சொல்லிவிட்டு அவள் இருப்பாள் என்று நினைத்ததில்லை. அன்று நான் கொஞ்சம் அழுதேன். ஆனால் அவள் இவ்வளவு நீளமாக எங்களிடம் தமிழில் பேசியது அதுவே முதல் தடவை என்பதும் உறைத்தது.

அவளை விட்டுவிட்டுப் போவதில்லை என்று முடிவுசெய்து சங்கர் அலுவலகத்தில் பேசினார். போகிறேன் என்று சொல்ல ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. போகவில்லை என்று சொல்ல அவர் மேசை மேசையாக அலைந்தார். ஒரு மேலாளர், மகள் சொன்னாள் என்பதையெல்லாம் காரணமாக எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். 'குடும்பக் காரணம்' என்று எழுதி முடித்தார்கள். கடைசியில் ஒரு நடுவழி கிடைத்தது. ஆறு மாதம் மட்டும் போய், புதுப் பிரிவைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். நிலாவின் பரீட்சை முடிந்ததும் அவர் மட்டும் கிளம்பினார். ஸ்டேஷனுக்கு அவரைக் கொண்டுவிட நிலாதான் வண்டி ஓட்டினாள்.

7

இப்போது இங்கே மழைக்காலம். ஜன்னலைத் திறந்தால் துணி நனைகிறது, மூடினால் காயமாட்டேன் என்கிறது. நிலாவுக்கு அவள் கேட்ட கல்லூரியே கிடைத்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் பேசப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு மராத்திப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள், தமிழில் சொல்வதற்கு. கொங்கணக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி மேட்டு நிலத்துக்கு வருகிற ஒரு பெண்ணின் கதை. நல்ல கணவன், நல்ல வீடு, அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் காற்று அடிக்கும்போதெல்லாம் சமைப்பதை நிறுத்திவிட்டு நிற்பாள்.

நேற்று மாலை நிலா சமையலறைக்கு வந்தாள். "அம்மா, மராத்தியில 'ஓட்'னு சொல்றாங்கல்ல, அதுக்குத் தமிழ்ல என்ன?"

எனக்கு அந்தச் சொல் தெரியும். ஆற்றில் நின்றால் தண்ணீர் காலை இழுக்குமே, அந்த இழுப்புக்கும் அதே சொல்தான். மனம் ஓர் இடத்தின் பக்கம், ஒரு மனிதரின் பக்கம் இழுபடுவதற்கும் அதே சொல்தான்.

"ஏக்கம்" என்றேன்.

"ஏக்கம்னா சோகம்தானே? அவ சோகமா இல்லம்மா. ஹாப்பியா இருக்கா. ஆனா ஓட் இருக்கு."

ஈர்ப்பு என்றேன், அது பிசிக்ஸ் என்றாள். நினைப்பு, ஆசை, பாசம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். புடவைக் கடையில் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அப்போது சங்கரின் வீடியோ அழைப்பு வந்தது. அன்று அவருக்கு விடுமுறை. தியேட்டரில் போய்ப் புதுப் படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். கூட்டத்துக்கு அவருடைய கருத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"சொல்லுங்கப்பா, படம் எப்படி?"

"படம் கெடக்கட்டும்," என்றார். "எனக்கு ஒங்க ரெண்டு பேரயும் தேடுது."

நிலா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். "யாரு தேடுறாங்க?"

"யாரும் தேடலட்டி. எனக்கு ஒங்களத் தேடுது. எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம்."

"சோகமா இருக்கீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. வேல நல்லாப் போகுது. மத்தியானம் மீன் கொழம்பு சாப்ட்டேன். சந்தோசமாத்தான் இருக்கேன். ஆனா தேடுது."

எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சொல். அகராதியில் துழாவுவதுபோல மனதில் துழாவியதால் கைக்கு வரவில்லை. நிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் படத்துப் பெண்ணுக்காக ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்:

"அவளுக்குக் கடலைத் தேடுது."

பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக.